பச்சைக் காரின் டேஷ்போர்டு

எனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒருவரை நான் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சமாதானத்துக்காக வயதைச் சொல்லவில்லை. நான் செய்தது என்னவென்று அந்த வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வயதுக்காரர்களில் ஓசூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கார் நினைவிருக்கலாம். பிஸ்தா பச்சை நிறம். வெளிநாட்டுக் கார். பெங்களூரில் ஒரு காப்பித் தோட்டக்காரர் ஓட்டிக் களைத்துப்போய் விற்றதை, நம்மூர் கட்டட கான்டிராக்டர் வாங்கி வந்திருந்தார். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ராகி விளைந்த இடமெல்லாம் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்தச் சுவர்களில் பாதி அவர் கட்டியவை. சிமெண்ட் தூசி படிந்த சாலையில் அந்தக் கார் வந்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் ஓரமாக நின்று அது போய் மறையும்வரை பார்ப்போம்.

என் அத்தா பாகலூர் சாலையில் குஷன் கடை வைத்திருந்தார். பஸ், லாரி, கார் எதுவானாலும் சீட் தைப்பார். கடைக்குள் ரெக்ஸின் வாசனையும், ஒட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்யூஷனின் மூக்கைத் துளைக்கும் நெடியும், தேங்காய் நார்த் தூசியும் எப்போதும் கலந்திருக்கும். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட சொல்யூஷன் வாசனை அடிக்கிறதென்று அம்மா சொல்வாள்.

அத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தைத்து முடித்த சீட்டில் தான் உட்கார்ந்து பார்க்காமல் வண்டியைக் கொடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, முதுகைச் சாய்த்து, பஸ்ஸில் தூரப் பயணம் போகிறவரைப் போலச் சற்று நேரம் அசையாமல் இருப்பார். எங்காவது நார் முட்டினாலோ, தையல் இழுத்தாலோ அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். இறங்கி வந்து அந்த இடத்தைப் பிரிப்பார். ஓசூரில் லாரி வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். கான்டிராக்டருக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு காலை. பச்சைக் காரின் சீட்டெல்லாம் புதிதாகத் தைத்து முடித்து, அத்தா முன் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கடை வாசலில் துண்டு ரெக்ஸின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கான்டிராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். காரின் கதவைத் திறந்தார். அத்தா கண்ணைத் திறப்பதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, கன்னத்தில் அறைந்தார். தொப்பி தெறித்துச் சாக்கடை ஓரத்தில் விழுந்தது.

"எங் காருல மொதல்ல ஒக்கார்றது நீயாடா? தெச்சமா போனமான்னு இல்லாம, மகாராஜா மாதிரி தூங்கிக்கிட்டு இருக்கற?"

எதிரே டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. காரின் டிரைவர் மட்டும் வந்து, தொப்பியை எடுத்துத் தன் தொடையில் தட்டித் துடைத்து அத்தாவிடம் கொடுத்தார். சிங்காரப்பேட்டைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தம்பி, எப்ப லைசென்ஸ் எடுக்கற?" என்று கேட்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

அத்தா உட்கார்ந்த சீட்டின் உறையைக் கிழித்து எறிந்துவிட்டு வேறு தைக்கச் சொன்னார் கான்டிராக்டர். அத்தா தைத்தார். இரண்டு நாள் ஆனது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான்.

"ஏன் அத்தா சும்மா இருந்தீங்க?"

"அவரு காரு. கேட்டுட்டு ஒக்காந்திருக்கணும்."

"எல்லா வண்டிலயும் ஒக்கார்றீங்களே?"

"நூல இழு. முடிச்சு விழுது பாரு."

பல வருஷம் கழித்து எனக்குத் தெரியவந்தது இது: அன்று அந்த ஜீப்பில் கான்டிராக்டர் தன் தாயாரைக் கூட்டி வந்திருக்கிறார். மண் சுமந்து அவரை வளர்த்த அம்மா. புதுச் சீட்டில் முதலில் அந்த அம்மாவை உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை அவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அத்தா அதில் உட்காராமல், சீட்டுக்கடியில் துணி விரித்துப் படுத்தாவது தையலைச் சோதித்திருப்பார். இப்போது இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்த அறைக்கு அது போதுமான காரணமென்று இன்றுவரை என் மனம் ஒப்பவில்லை. வருந்துகிறவன் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவனாக இருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதன்பிறகு நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அவரை விதவிதமாகக் கொன்றேன். கிணற்றில் தள்ளினேன். சாரத்திலிருந்து விழவைத்தேன். அறிவியல் வாத்தியார் அமிலம் பற்றிப் பாடம் நடத்தியபோது மிகவும் கவனமாகக் கேட்டேன்.

சித்திரையில் அவரே வந்தார். அதே கார். வேலை நடக்கும் இடங்களில் நாளெல்லாம் வெயிலில் நின்று நின்று டேஷ்போர்டு வெடித்திருந்தது. பன்னின் மேல்தோல் வெடிப்பதைப் போல மூன்று இடத்தில் பிளந்து, உள்ளேயிருந்த மஞ்சள் பஞ்சு தூளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒருவரும் இந்த வேலையைத் தொடவில்லையாம். புதிதாக மாற்றலாம் என்றால் அந்தக் காருக்குச் சாமான் கிடைக்காது.

"ஆவுமா பாய்?"

அத்தா வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஆவும். விட்டுட்டுப் போங்க."

எனக்கு அத்தாமீது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கன்னத்தில் வாங்கியதை இரண்டு மாதத்தில் மறந்துவிட்டாரா? "அவரு வேலையெல்லாம் எதுக்கு?" என்றேன். "டேஷ்போர்டு என்னாடா பண்ணுச்சு?" என்றார். நக்கலா, நிஜமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அந்த வேலையைச் சொல்லியாக வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் திருகுகளைக் கழற்றி டேஷ்போர்டை அப்படியே வெளியே எடுத்து, பலகைமேல் வைத்தோம். சுருண்டு தூக்கிய ஓரங்களை அத்தா பிளேடால் சரிவாகச் சீவினார். உதிர்ந்த பஞ்சைச் சுரண்டியெடுத்து, அந்தக் குழியில் புது ஃபோம் துண்டுகளைச் சொல்யூஷனில் தோய்த்து அடைக்க வேண்டும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். கடைசியில் முழுவதற்கும் கறுப்பு ரெக்ஸின். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலின் முதுகால் தொட்டுப் பார்த்து, ஒட்டாத பதம் வந்த பிறகுதான் அழுத்த வேண்டும். வளைவுகளில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டால் ரெக்ஸின் இளகி இழுபடும். குழியை அடைப்பதும் தேய்ப்பதும் என் வேலை. என் கை சிறியது, பொறுமையும் உண்டு. அத்தா அதைப் பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வகுப்பில் ஜவளகிரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் இருந்தான். காட்டோரத்துப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டிகளில் அந்தக் காலத்தில் சந்தனச் சிராய் கிடக்கும். கேட்டால் முகரக் கொடுப்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போயிருந்து, இடையில் ஒருமுறை ஓசூர் வந்த அவனிடம், ரெக்ஸினில் ஒரு புத்தகப்பை தைத்துத் தருகிறேன், பெரிய துண்டாகக் கொண்டுவா என்றேன். நாலு துண்டு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் என் முழங்கையளவு, வைரம் பாய்ந்தது. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. எதற்கென்று அவனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தா தொழுகைக்குப் போனார். வயிற்றுவலி என்று சொல்லி நான் கடையில் நின்றுவிட்டேன். மீட்டருக்கு மேலே மேடு போல எழும்பியிருந்த இடத்தில் நல்ல பஞ்சையும் தோண்டி எடுத்தேன். நாலு துண்டுகளையும் உள்ளே படுக்கவைத்து, சுற்றிலும் ஃபோமை அடைத்து, மேலே சொல்யூஷன் ஊற்றினேன். அடுத்த நாள் தேய்த்தேன். அத்தா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி நிரப்பியிருக்கடா" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அவ்வளவு பாராட்டியதில்லை.

மாநில எல்லை நமக்கு மூன்று மைல் தொலைவில். சோதனைச் சாவடியில் லாரிகளைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். சந்தனம் பிடிபட்ட கதை வாரம் ஒன்றாவது டீக்கடையில் ஓடும். கான்டிராக்டர் அடிக்கடி பெங்களூர் போகிறவர். என்றாவது மாட்டுவார் என்பதே என் திட்டம். அதற்குமேல் நான் யோசித்திருக்கவில்லை.

கார் போய்ப் பன்னிரண்டு நாள் ஆனது. சொல்யூஷன் நெடி போகும்வரை ஒன்றுமில்லை. பிறகு வெயிலில் டேஷ்போர்டு சூடேறச் சூடேற உள்ளிருந்து சந்தனம் கிளம்பியிருக்கிறது. ஒரு வியாழக்கிழமை கான்டிராக்டர் கடைமுன் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சென்னாகிதே பாய், சென்னாகிதே." நன்றாயிருக்கிறது என்கிறார்; சந்தோஷம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "என்ன அத்தர் போட்ட? கதவத் தொறந்தா கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்குது. எங்கம்மா எறங்க மாட்டேங்கறா."

அத்தா காருக்குள் தலையை நீட்டினார். ஒரு மூச்சு இழுத்தார். தலையை வெளியே எடுக்கும்போது அவர் பார்த்தது என்னைத்தான்.

"அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல கை நீட்டிட்டன். மனசுல வெச்சிக்காம வாசனையா வேல செஞ்சிருக்கற பாரு, அதான் பாய்" என்றார் கான்டிராக்டர். அத்தாவின் தோளில் கை போட்டார். டீக்கடைக்காரர்கள் இதையும் பார்த்தார்கள்.

"ஓரத்துல லேசா தூக்குதுங்க. வண்டிய இப்பவே விட்டுட்டுப் போனா சரி பண்ணிடறன்" என்றார் அத்தா.

"திங்கக்கெழம மக வீட்டுக்குப் பெங்களூர் போறன். இந்த வாசனையோட போய் எறங்கணும். செவ்வாக்கெழம அனுப்பறன்."

அவர் போனதும் நான் வீட்டுக்கு ஓடினேன். நான் கொடுத்த அடி அவருக்கு மரியாதையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டதாகவும் ஆகிவிட்டது, நாங்கள் மன்னித்ததாகவும் ஆகிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தபால் கார்டை எடுத்து, இடது கையால் எழுதினேன். பச்சைக் கார். திங்கட்கிழமை காலை. டேஷ்போர்டுக்குள் மீட்டருக்கு மேலே சந்தனக்கட்டை. சோதனைச் சாவடி அதிகாரி என்று விலாசம் போட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கடையை அடைக்கும்போது அத்தா என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்தார். பன்னிரண்டு நாளில் அதில் என்ன இருக்கும்? ஆனாலும் முகர்ந்தார்.

"எத்தன துண்டு?"

"நாலு."

"அவரு மேல கோவமா?"

"ஆமா."

"எனக்கில்லையா? அதுக்காக வேலைல கை வெப்பியாடா?" என்றார். அடிக்கவில்லை. "செவ்வாக்கெழம வண்டி வருது. பிரிச்சு எடுத்துடலாம். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

வேலையைக் கெடுத்ததாகத்தான் அவர் நினைத்தார். எதற்காக வைத்தாய் என்று கேட்கவே இல்லை. கேட்காதது அவர் தவறு என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் அவரோடு ஒரே தட்டில் சோறு தின்றேன். கார்டைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கான்டிராக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். இன்னொரு அறை வாங்கியிருப்பார். அது தெரிந்துதான் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறன்று கான்டிராக்டருக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை காலை, மகளைப் போய்க் கூட்டிவரச் சொல்லி டிரைவரைத் தனியாக அனுப்பினார்.

சாவடியில் ஓரம் கட்டச் சொல்லி, நேராக மீட்டருக்கு மேலேயே கத்தியை வைத்திருக்கிறார்கள். எடை அதிகமில்லை. ஒளித்துவைத்திருந்த விதம்தான் பெரிதாகப் போயிற்று. பல தடவை இப்படிக் கடத்தியிருப்பதாக முடிவு செய்தார்கள். கான்டிராக்டர் படுக்கையிலிருந்தபடியே, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காரைக் கடைக்குக் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் டிரைவர்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதிகாரிகள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள்.

"வாசனை வந்துச்சாமே. நீதான் அத்தர் போட்டன்னு முதலாளி சொல்றாரு."

"ஆமாங்க. போட்டன்."

"உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கலியா?"

"மேல ரெக்ஸின் ஒட்டுனதோட சரிங்க. உள்ள தொடல."

அந்தத் தொழில் தெரிந்த எவனும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பான். வெடித்த டேஷ்போர்டை உள்ளே தொடாமல் ஒட்ட முடியாது. அவர்களுக்குத் தெரியவில்லை. நம்பி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். என் அத்தா பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லப் போவதாகக் கிளம்பினார். அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டிருந்த அம்மா, கதவில் கை வைத்து நின்றாள். "புள்ளய ஒப்படைக்கப் போறீங்களா? இல்ல, நீங்களே உள்ள போறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." அத்தா தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டார். "டிரைவரு அவங்க ஆளு. கான்டிராக்டரே நாலு நாள்ல வெளிய எடுத்துடுவாரு" என்றார். அதை அவர் உண்மையிலேயே நம்பினார் என்று நினைக்கிறேன். கான்டிராக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போயிற்று. பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது.

வெளியே வந்த வாரத்திலேயே, கான்டிராக்டரின் கிடங்கில் காத்திருந்து, ஜாக்கிக் கம்பியால் அவருடைய முழங்காலை உடைத்தார். திரும்பவும் உள்ளே போனார். இந்த முறை இரண்டு வருஷம்.

செய்தி டீக்கடை வழியாக வந்தது. கான்டிராக்டர் இனிமேல் நேராக நடக்க மாட்டாராம். அன்று மத்தியானம் நான் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டேன். இந்தக் குறிப்பில் எழுதக் கூசுவது இந்த ஒரு வரியைத்தான். அத்தா சாப்பிடாமல் கை கழுவிவிட்டு எழுந்தார்.

நான் படித்தேன். டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்து, மூக்கண்டப்பள்ளியில் வீடு எடுத்தேன். அத்தா இறந்து நாற்பது நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் பஸ் ஏறி சிங்காரப்பேட்டைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களைப் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

டிரைவர் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து கையைத் துடைத்தார்.

"பாய் மவனா? அன்னைக்கு இத்தூண்டு இருந்த. லைசென்ஸ் எடுத்தியா, இல்லியா?"

அத்தா இறந்ததைச் சொன்னேன். திண்ணையில் இடம் ஒதுக்கி என்னை உட்காரவைத்தார். அண்ணன் மகளை அனுப்பி எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

"அண்ணே, அந்தச் சந்தன விஷயம்..." என்று தொடங்கினேன்.

"அந்த நாயி வெச்சதுதான், வேற யாரு?" என்றார். "காருல சந்தன வாசன வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சவனுக்கு உள்ள கட்ட இருக்கறது தெரியாதா? எங்கிட்டியும் போலீசு கேட்டாங்க, பாய் மேல சந்தேகமான்னு. உசுரு போனாலும் பாய் அந்த வேல செய்ய மாட்டாருன்னு சொன்னன்."

கலர் வந்தது. கையில் வாங்கிக்கொண்டேன்.

"கல்யாணம் காட்சி ஒண்ணுமில்ல தம்பி. ஓட்டத் தெரிஞ்ச தொழிலும் போச்சு. ஆனா ஒண்ணு. படுத்தா தூக்கம் வருது. ஏன்னா அவன சும்மா உடல நானு. கம்பிய தூக்கறப்பவே சொன்னன், மொத அடி எனக்கு, ரெண்டாவது பாய்க்குன்னு. பத்துப் பேரு பாக்க அடிச்சானே உங்க அத்தாவ, நான் அங்கதான இருந்தன்."

நான் கலரைக் குடித்து முடித்தேன். அவரிடம் மிச்சமிருந்தது அந்த இரண்டு அடி மட்டும்தான். நான் பேசினால் அதுவும் தப்பான ஆள்மீது விழுந்ததாகிவிடும். இப்படித்தான் அன்று நினைத்தேன். பயத்தால் வாய் மூடினேனா, இரக்கத்தால் மூடினேனா என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன தையில் அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. இனி சொல்வதற்கு ஆளில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அன்று பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். வண்டி தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சவன். சொல்லு தம்பி, நான் செஞ்சது சரிதான?" என்று கேட்டார்.

"சரிதான் அண்ணே" என்றேன். அவர் மனம் நோகக் கூடாதென்று சொன்னது இல்லை அது. கான்டிராக்டர் விந்தி விந்தி நடந்து போவதை மனதில் பார்த்துக்கொண்டு, முழு மனதோடு சொன்னேன்.